வித்தும் நிலமும்: கொள்ளைநோயின் காரணம் பற்றிய நெடுவிவாதம்

ஓர் ஊரில் ஒரே காலத்தில் பலர் ஒரே நோயால் மடிவதற்குக் காரணம் அவ்வூரின் நிலமும் நீரும் காற்றும் கெட்டுப்போனதா, நோயுற்றவரிடமிருந்து ஏதோ ஒன்று பிறருக்குத் தொற்றிச் செல்வதா, அன்றிக் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர் உடலுக்குள் புகுந்து பெருகுவதா என்னும் கேள்வி, மனிதர் ஊர்கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டே கேட்கப்பட்டு வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாவது விடை வென்றது என்றும், மற்ற இரண்டும் அறியாமையின் எச்சங்களாகக் கழிந்தன என்றும் பாடப்புத்தகங்கள் சொல்லிவருகின்றன. மூன்றாவது விடை உண்மையானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. எனினும் மற்ற இரண்டும் முற்றாகக் கழிந்தன என்று கொள்வது சரித்திரத்தோடும் பொருந்தவில்லை. இன்று நாம் காணும் நிகழ்ச்சிகளோடும் பொருந்தவில்லை.

இவ்விசாரணைக்குத் திருவனந்தபுரத்தின் தம்பானூரை நிலைக்களனாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. 1931-இல் இருப்புப்பாதையின் முடிவிடம் இங்கே கொண்டுவரப்பட்டது முதல், நாஞ்சில் நாட்டிலிருந்தும் வடதிருவிதாங்கூரிலிருந்தும் வரும் ஜனத்திரள் நாள்தோறும் கூடிக் கலைகின்ற இடம் அது. தாழ்ந்த நிலமாதலால் மழை சற்று வலுத்தாலே நீர் தேங்குகிறது. நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு ஆக்குளம் காயலை நோக்கிச் செல்லும் ஆமையிழஞ்சான் தோடு அந்த ரயில் நிலையத்தின் அடியில்தான் ஓடுகிறது. தேங்கிய நீர், நெருங்கிய ஜனக்கூட்டம், அவற்றில் வாழும் நுண்ணுயிர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இத்தகைய இடத்தில் நின்று நோக்கினால், நோயின் காரணத்தை மூன்று விதமாகச் சொன்னவர்களுள் ஒருவரும் வெறும் கற்பனையைப் பேசியவர் அல்லர் என்பது விளங்கும்.

பழைய நூல்களின் இரு நோக்குகள்

நம் நாட்டு வைத்திய நூல்களுள் இக்கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட பகுதிகளில் முதன்மையானது, சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் ஜனபதங்களின் அழிவைப் பற்றி அமைந்த அத்தியாயம். உடல்வாகும் உணவும் வயதும் வேறுபட்ட மாந்தர் பலர் ஒரே நோயால் ஒரே சமயத்தில் அழிவது எவ்வாறு என்று அக்னிவேசர் வினவ, எல்லாருக்கும் பொதுவாக உள்ள காற்று, நீர், தேசம், காலம் என்னும் நான்கும் கெடுவதே காரணம் என்று ஆத்திரேயர் விடை கூறுகிறார். அவை கெடுவதற்கு மூலமாக அதர்மத்தையும் சுட்டுகிறார். ஒருவனுடைய உடலின் தோஷங்களைக் கொண்டே நோயை விளக்கிவந்த ஒரு சாஸ்திரம், தன் விளக்கம் போதாத இடத்தைத் தானே உணர்ந்து, பொதுவான காரணம் ஒன்றைத் தேடியதே இவ்விடையின் பெருமை. அதன் குறையும் வெளிப்படை. நான்கும் கெட்ட ஊரில் ஏன் ஒரு சமயம் அம்மையும் மற்றொரு சமயம் பேதியும் வருகின்றன என்பதற்கு அதில் விடையில்லை.

சுசுருத சம்ஹிதையோ வேறொரு வழியில் செல்கிறது. நெருங்கிப் பழகுதல், மேனி தீண்டுதல், மூச்சுக்காற்றுப் படுதல், உடனுண்ணல், ஒரே படுக்கையிலும் இருக்கையிலும் இருத்தல், ஒருவர் அணிந்த ஆடையையும் மாலையையும் பூச்சையும் மற்றவர் கொள்ளுதல் ஆகியவற்றால் குஷ்டமும் காய்ச்சலும் க்ஷயமும் கண்ணோயும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கின்றன என்று அந்நூலின் நிதான ஸ்தானம் பட்டியலிடுகிறது. உற்றுநோக்கலின் பயனாக எழுந்த இப்பகுதி, சம்சர்க்கத்தால் நோய் பரவும் என்னும் கொள்கையின் தெளிவான பழைய வடிவங்களுள் ஒன்று.

இவ்விரண்டையும் கிருமி என்ற சொல் பழைய வைத்தியத்தில் வழங்கியதையும் சேர்த்துக்கொண்டு, நுண்ணுயிர்க் கொள்கையை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்று வாதிப்போர் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் முதலே இருந்துவருகின்றனர். குடலில் நெளியும் புழுக்களைக் கண்டறிந்ததும், கண்ணுக்குத் தெரியாதனவும் சில உண்டென்று ஊகித்ததும் மதிக்கத்தக்கவையே. ஆயினும் இன்ன நோய்க்கு இன்ன உயிரே காரணம் என்று பிரித்துக் காட்டுவதும், அதைப் பரீக்ஷையால் நிலைநாட்டுவதும் அவற்றில் இல்லை. இதனினும் ஆட்சேபிக்கத்தக்கது, தீண்டாமை என்பது தொற்றுநோய்த் தடுப்பின் பழைய வடிவமே என்ற வாதம். திருவிதாங்கூரில் இன்ன சாதியார் இத்தனை அடி தூரம் விலகி நிற்க வேண்டும் என்று விதித்த வழக்கம் பிறப்பையே அளவுகோலாகக் கொண்டது. நோயை அது கேட்கவேயில்லை. பேதியுற்ற உயர்குலத்தான் குளத்தில் இறங்கத் தடையில்லை. நோயற்ற புலையனுக்கோ அக்குளத்தின் கரையும் மறுக்கப்பட்டது. இதில் சுசுருதரின் உற்றுநோக்கலின் சாயல் சிறிதுமில்லை. நோய் நீரால் பரவுகிறது என்பது தெளிவான பிறகு, வெங்கானூர் அய்யங்காளி போன்றோர் பொதுவழிக்கும் பொது இடங்களுக்கும் நடத்திய போராட்டத்துக்கு மற்றொரு பொருளும் உண்டாயிற்று: நல்ல நீர் ஒருவனுக்கு மறுக்கப்படும் ஊரில் பேதி ஒருவருக்கும் மறுக்கப்படுவதில்லை.

மிளகு ஊறிய நீர்

நுண்ணுயிரைக் கண்ட வரலாறும் நோயின் காரணம் கண்ட வரலாறும் ஒன்றல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரியான ஆன்டனி வான் லேவன்ஹூக், மிளகின் காரம் எதனால் உண்டாகிறது என்று அறிய விரும்பி, அதை நீரில் ஊறவைத்துத் தாமே கடைந்தெடுத்த கண்ணாடி வில்லையின் வழியே நோக்கியபோது, அந்நீரில் அளவிறந்த சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டார். 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார். பாக்டீரியாக்களை மனிதக் கண் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான் என்பர். டச்சுக் கம்பெனி மலபார்க் கரையிலும் சுமத்ரா, ஜாவாத் தீவுகளிலும் மிளகு கொண்ட காலம் அது. கொச்சி 1663 முதல் அவர்கள் வசம் இருந்தது. நம் கரையின் சரக்கு இந்தச் சாஸ்திரத்தின் தொட்டிலருகே இருந்தது என்ற அளவில் சொல்லலாம்.

கண்டதற்கும் நோயோடு இணைத்ததற்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன. அழுகும் பொருளிலிருந்து உயிர் தானே தோன்றுகிறதா என்ற வாதம் நீடாம், ஸ்பல்லன்சானி முதலியோரிடையே நெடுநாள் நடந்து, 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டர் அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்த குடுவைகளைக் கொண்டு செய்த பரீக்ஷைகளால் பெரும்பாலும் தீர்ந்தது. தானே தோன்றாத உயிர் எங்கிருந்தோ வந்தே ஆகவேண்டும் என்பதால், நோய்க்கு வெளியிலிருந்து வரும் வித்து ஒன்று வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது வழி திறந்தது.

காரணம் தெரியுமுன் வந்த தடுப்பு

வைசூரியின் வரலாறு இவ்விவாதத்தில் ஒரு தனி இடம் பெறுகிறது. நோயின் காரணம் ஒருவருக்கும் தெரியாதிருந்த காலத்திலேயே அதைத் தடுக்கும் உபாயம் தெரிந்துவிட்டது. வங்காளம் முதலிய பகுதிகளில் அம்மைப் பாலையே சிறிதளவு தோலில் ஏற்றிக் காப்புச் செய்யும் வழக்கம் இருந்தது. ஜென்னர் 1796-இல் பசுவின் அம்மையைக் கொண்டு குத்திக் காட்டிய முறை 1802-இல் பம்பாயை அடைந்தது. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமி பாயியின் ஆட்சியில், பிரிட்டிஷ் ரெசிடெண்டான கர்னல் மன்றோ திவான் பொறுப்பையும் வகித்த 1813-இல், அம்மை குத்துதல் அரசின் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1879-இல் அரசாங்க ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோர் கட்டாயமாக அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று அரச விளம்பரம் பிறந்தது.

பகவதியின் சினத்தாலும் அருளாலும் வைசூரி வருகிறது என்று நம்பிய ஜனங்களுக்கும், ஊசி குத்த வந்த உத்தியோகஸ்தருக்கும் இடையில் இருந்த வேற்றுமையை விஞ்ஞானத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் நடந்த போராகச் சித்திரிப்பது வழக்கம். அச்சித்திரம் முழுமையானதன்று. ஊசி குத்தியவரும் காரணத்தை அறிந்து குத்தவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பாலை மாற்றிய அக்கால முறையில் வேறு நோய்கள் புகுந்ததும் உண்டு. வேற்றுச் சாதிக் குழந்தையின் உடலிலிருந்து எடுத்ததைத் தம் குழந்தையின் உடலில் ஏற்ற மறுத்தவரும் உண்டு. மறுத்தவரின் காரணம் பிழையாயினும், உடலிலிருந்து உடலுக்குத் தீங்கு கடக்கலாம் என்ற அவர்களுடைய அச்சம் முற்றிலும் பிழையன்று. பிற்காலத்தில் கன்றின் உடலில் தூய முறையில் பால் எடுக்கும் ஏற்பாடு வந்ததும், 1899-இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம் சென்னை ராஜதானி முழுமைக்கும் அதை வழங்கியதும் இக்குறையைப் பெரிதும் நீக்கின. ஒரு கொள்கையின் துணையில்லாமலே பெரும் பயன் விளையக்கூடும் என்பதற்கு வைசூரி சாட்சி. வேறு நோய்களுக்கு அதே வழியில் காப்புத் தேட எவ்வித வழிகாட்டலும் அப்போது இல்லாதிருந்ததால், கொள்கையில்லாத பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் அதுவே சாட்சி.

வாந்திபேதியும் பருவக்காற்றும்

விவாதம் உச்சத்தை எட்டியது வாந்திபேதியில். 1817-இல் வங்காளத்து ஜெஸ்ஸோரில் பெருகிய அந்நோய் மறு ஆண்டில் சென்னை ராஜதானியை அடைந்தது. சென்னை மருத்துவ மன்றத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்காட் இந்நோய் பற்றிய விரிவான அறிக்கையை 1824-இல் வெளியிட்டார். நோய் ஒருபுறம் படைகளோடும் யாத்திரிகரோடும் நடந்து செல்வதுபோல் தோன்றியது. மறுபுறம் நோயாளியைத் தொட்டுப் பணிவிடை செய்தவர் பலர் நலமாயிருக்க, தொடாத தெருவில் திடீரென்று எழுந்தது. தொற்று என்பாருக்கும் காற்று என்பாருக்கும் வேண்டிய சான்றுகள் ஒரே கொள்ளைநோயில் கிடைத்ததே இவ்விவாதம் எழுபது ஆண்டு நீடித்ததன் காரணம்.

லண்டனில் ஜான் ஸ்நோ 1849-இல் எழுதியும் 1854-இல் ஒரு தெருவின் நீரேற்றுக் குழாயைக் கொண்டு காட்டியும், பேதி குடிநீரால் பரவுகிறது என்ற கொள்கையை நிறுவ முயன்றார். அதே 1854-இல் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பசீனி, இறந்தவர் குடலில் வளைந்த நுண்ணுயிரைக் கண்டு எழுதியதை எவரும் பொருட்படுத்தவில்லை. இந்தியாவில் அதிகாரம் பெற்ற கொள்கை வேறாக இருந்தது. அரசின் புள்ளிவிவர உத்தியோகஸ்தரான பிரைடன் 1869-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில், வங்காளத்தின் தாழ்நிலத்தில் நிரந்தரமாக உறையும் நோய்ப்பொருளைப் பருவக்காற்று சுமந்துசென்று விதைக்கிறது என்றார். இந்திய சர்க்காரின் சுகாதாரக் கமிஷனரான ஜே. எம். கனிங்ஹாம் தொற்றையும் நீரையும் மறுத்து, ஊரின் பொது அசுத்தமே காரணம் என்று பல்லாண்டுகள் வாதித்தார்.

இதை ஏற்காதவர் உத்தியோக வர்க்கத்திலேயே இருந்தனர். சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், தென்னிந்தியாவில் பேதி நடந்த வழிகளைத் தொகுத்து 1871-இல் வெளியிட்டபோது, காற்றின் திசையைவிட ஜனங்களின் போக்குவரத்து வழிகளையே கருதத்தக்கனவாகக் காட்டினார். பஞ்சாபில் அதே பதவியிலிருந்த டி ரென்ஸி குடிநீரைச் சுட்டி விடாது வாதித்ததன் பயனாக அங்கிருந்து மாற்றப்பட்டார். உண்மை எது என்ற கேள்வியோடு அரசியல் லாபம் எது என்ற கேள்வியும் இதில் பின்னியிருந்தது. 1866-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, பேதி இந்தியாவிலிருந்து மனிதரோடு பயணம் செய்கிறது என்று தீர்மானித்தது; 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பேதி தொற்றும் என்று ஒப்பினால் இந்தியத் துறைமுகங்களிலிருந்து செல்லும் கப்பல்களைத் தடுத்துவைப்பதையும் ஒப்ப வேண்டிவரும். வணிகத்தின் நன்மைக்கு எது இசைந்ததோ அது சாஸ்திரத்தின் தீர்ப்பாகவும் சொல்லப்பட்டது என்று கொள்ளப் போதிய இடமுண்டு. எனினும் கனிங்ஹாம் போன்றோர் வெறும் கைக்கூலிகள் என்று தள்ளுவது நியாயமாகாது. அவர்கள் கண்ட முரண்கள் மெய்யானவை.

அவர்களுக்குத் துணையாக நின்ற மூனிக் நகரப் பேராசிரியர் பெட்டன்கோஃபருடைய கொள்கை இவற்றுள் நுட்பமானது. நோய்க்கு வித்து ஒன்று உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அவ்வித்து மனிதருள் நேரே நோயை விளைவிப்பதில்லை என்றும், நிலத்தடி நீர் ஏறி இறங்கும் தக்க மண்ணில் அது முதிர்ந்த பின்னரே நஞ்சாகிறது என்றும் கொண்டார். அவரிடம் பயின்று 1869-இல் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட திமோதி லூயிஸும் டி. டி. கன்னிங்ஹாமும் பல்லாண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, பேதிக்கு உரிய தனி உயிர் எதையும் காணவில்லை என்றே அறிவித்தனர். தேடியதைக் காணாத லூயிஸ், தேடாத ஒன்றைக் கண்டார்: 1872-இல் மனித இரத்தத்தில் யானைக்கால் நோயின் நுண்புழு. அதன் பயன் பின்னர் விளங்கும்.

மதுரையின் பாதநோய்

கல்கத்தாவிலும் லண்டனிலும் இவ்வாதம் நடந்த காலத்தில், ஓர் உயிரே நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்குத் தமிழ்நாட்டு நோயொன்றின் மூலம் ஒருவர் முன்னரே வந்திருந்தார் என்பதைக் கூறும் சரித்திர நூல்கள் சிலவே. கால் வீங்கிப் பல துளைகள் விழுந்து, அவற்றிலிருந்து கறுத்தும் வெளுத்தும் மணிமணியாகச் சீழ் வடியும் நோயை மதுரை மருந்தகத்து வைத்தியரான கில் 1842-இல் விவரித்தார். அதனால் அது உலகெங்கும் மதுரைப் பாதம் என்றே பெயர் பெற்றது. பம்பாயிலிருந்த வாண்டைக் கார்ட்டர் அம்மணிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1860-இல், பூஞ்சணமே இந்நோய்க்குக் காரணம் என்றார். கிரேயின் உடற்கூற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்த கை அவருடையது. ஆந்திராக்ஸ் நோயின் கிருமியை ராபர்ட் கோக் பரீக்ஷையால் நிலைநாட்டியதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்தியது இம்முடிவு.

கார்ட்டரின் கருத்திலும் குறையிருந்தது. எல்லா மணிகளும் பூஞ்சணம் அல்ல. சில வகை பாக்டீரியாவாலும் உண்டாகின்றன என்று அந்நூற்றாண்டின் இறுதியில் தெரிந்தது. அவ்வுயிர்கள் மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்வனவும் அல்ல. கரிசலிலும் செம்மண்ணிலும் கிடந்து, வெறுங்காலோடு உழுபவன் காலில் முள் தைக்கும்போது உட்புகுவன. உயிரே காரணம் என்பாரும் மண்ணே காரணம் என்பாரும் இந்நோயில் ஒருவரை ஒருவர் மறுக்க வேண்டிய அவசியமே இல்லாதிருந்தது.

கல்கத்தாக் குளமும் மூனிக் குடுவையும்

1883 டிசம்பரில் கல்கத்தா வந்த கோக், எகிப்தில் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1884-இன் தொடக்கத்தில் காற்புள்ளிபோல் வளைந்த நுண்ணுயிரைத் தனியே வளர்த்தெடுத்தார். பேதியால் இறந்தவரிடம் அது தவறாது இருந்தது. பிற நோயாளரிடம் இல்லை. நகரத்தை அடுத்த ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்தோரிடையே நோய் எழுந்தபோது அக்குளத்து நீரில் அதே உயிரைக் கண்டார். நோய் தணியத் தணிய அதுவும் குறைந்தது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் ஒரே குளம் என்ற நம் நாட்டு நிலைமையே அவருக்குச் சிறந்த பரீக்ஷைக்கூடமாக அமைந்தது.

ஆயினும் சான்று முழுமை பெறவில்லை. காரணமான உயிர் நோயாளியிடம் தவறாது காணப்பட வேண்டும், தனியே வளர்க்கப்பட வேண்டும், அதைச் செலுத்திய விலங்குக்கு அதே நோய் வரவேண்டும் என்று கோக்கின் மரபினர் விதித்த நியமத்தில் கடைசிப் பகுதி பேதியில் நிறைவேறவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பிய கிளைனும் கிப்ஸும், நோயற்ற மக்கள் பயன்படுத்தும் குளத்திலும் அவ்வுயிர் உண்டென்று காட்டிக் கோக்கை மறுத்தனர். 1892 அக்டோபரில், எழுபத்து மூன்று வயதினரான பெட்டன்கோஃபர், பேதிக் கிருமி வளர்ந்த நீரைத் தாமே பருகி, இலேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்தார். அதே ஆண்டில் ஹாம்பர்க் நகரில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அதே ஆற்றின் நீரை மணலில் வடித்துக் குடித்த பக்கத்து ஆல்டோனா நகரம் பெரும்பாலும் தப்பியது. முதியவரின் துணிவைக் காட்டிலும் ஆல்டோனாவின் மணல்வடிகாலே வாதத்தைத் தீர்த்தது.

பெட்டன்கோஃபரின் முடிவு தவறாயினும் அவர் எழுப்பிய கேள்வி தவறானதன்று. கிருமியை உட்கொண்ட அனைவரும் ஏன் நோயுறுவதில்லை? கிருமியைச் சுமந்தும் நலமாயிருப்பவர் உண்டு என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. இரைப்பையின் அமிலமும் முன்பட்ட நோயின் காப்பும் ஓரளவு விடையாயின. கிருமி எவ்வாறு உடலின் நீரை வற்றச் செய்கிறது என்பது எழுபத்தைந்தாண்டுகள் தெளிவாகாமலே இருந்தது. கல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் குடலில் செய்த பரீக்ஷைகளால், கிருமியை நீக்கி வடித்த திரவமே நோயை உண்டாக்குகிறது என்று 1959-இல் காட்டினார். கோக்கின் நியமத்தில் விடுபட்டிருந்த கண்ணி அதனால் இணைந்தது. டேயின் பெயர் கோக்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. குஷ்டத்திலோ அந்நியமம் இன்றும் முழுமையாக நிறைவேறவில்லை. ஹான்சன் 1873-இல் கண்ட கிருமியைச் செயற்கை ஊடகத்தில் எவரும் வளர்த்ததில்லை. எனினும் அதுவே காரணம் என்பதை மறுப்பாரும் இல்லை.

சேர்த்தலையின் ஆகாயத்தாமரை

வித்தும் நிலமும் பிரியாமல் சேர்ந்தே இருப்பதைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி, திருவிதாங்கூரிலேயே நடந்தது. மலபார்க் கரையின் யானைக்கால் நோய் பழம்புகழ் பெற்றது. ஜெர்மானிய யாத்திரிகரான கெம்ஃபர் 1712-இல் வெளியான தம் நூலில் அதை விவரித்திருக்கிறார். தண்ணீரின் குற்றம் என்றும், காயற்கரைக் காற்றின் குற்றம் என்றும் நெடுங்காலம் சொல்லிவந்தனர். லூயிஸ் இரத்தத்தில் கண்ட நுண்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் 1877-இல் சீனத்து அமாயில் கண்டார். கொசுவே மலேரியாவையும் சுமக்கிறது என்பதற்கான முதற் சான்றை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்தராபாதில் பெற்றதும் இவ்வழியில்தான்.

திருவிதாங்கூரின் நிலைமையை முறையாக ஆராய்ந்தவர் பூச்சியியலறிஞர் எம். ஓ. டி. ஐயங்கார். 1938-இல் வெளியான அவருடைய நூல், சேர்த்தலைப் பகுதியில் நோய் பரப்புவது மான்சோனியா இனத்துக் கொசு என்றும், அதன் குஞ்சுகள் நீரின் மேல்வந்து மூச்சுவிடாமல், குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர்களில் துளையிட்டு அங்குள்ள காற்றைக் கொண்டே வாழ்கின்றன என்றும் விளக்கியது. செடியை அகற்றினால் கொசு அழியும். கொசு அழிந்தால் புழுவின் வழி அடைபடும். குளத்தின் நீரே நோய்க்குக் காரணம் என்ற சேர்த்தலை வாசியின் பழைய எண்ணம் எவ்வளவு தவறோ அவ்வளவு சரியும் ஆயிற்று. நகரங்களிலோ சாக்கடைத் தேக்கத்தில் பெருகும் கியூலெக்ஸ் கொசு மற்றொரு வகைப் புழுவைச் சுமக்கிறது. அதற்குச் செடி வேண்டாம், மூடாத சாக்கடை போதும்.

கிருமிக் கொள்கையின் எல்லை

வெற்றி பெற்ற கொள்கை தன் எல்லையை மறப்பது இயல்பு. எல்லா நோய்க்கும் கிருமி ஒன்று கிடைத்தே தீரும் என்ற உற்சாகத்தில் பெரிபெரி, பெல்லாக்ரா முதலியவற்றுக்கும் கிருமி தேடப்பட்டது. 1907-இல் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் நடத்திய உணவாராய்ச்சிகள், தீட்டிய அரிசியும் குறைபட்ட உணவும் நேரே நோயாவதையும், ஊட்டம் குறைந்த உடல் தொற்றுக்கு எளிதில் இடங்கொடுப்பதையும் காட்டின. உடலின் நிலையைப் பேசிய பழைய வைத்தியம் இவ்விடத்தில் ஓரளவு ஆறுதல் பெறலாம்.

தீராத கேள்விகள்

மேற்கூறிய நிலைகளை மதிப்பிடுங்கால் சில முடிவுகளை ஐயமின்றிச் சொல்லலாம். தொற்றுநோய் ஒவ்வொன்றுக்கும் உரிய உயிர் உண்டு. அது தானே தோன்றுவதில்லை. அதன் வழியை அடைத்தால் நோய் நிற்கிறது. அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீரைத் தூய்மை செய்து திருவனந்தபுரத்துக்குக் கொணர்ந்த திட்டம் 1933-இல் தொடங்கப்பட்டபோது இக்கொள்கை நகரத்தின் குழாய்களுக்குள் நடைமுறையாயிற்று. எந்த உயிர் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எப்போது, எங்கே, எவரிடம் என்ற கேள்விகள் நிற்கின்றன.

பேதிக் கிருமி மனிதக் குடலில் மட்டும் வாழ்வதன்று. காயல், கழிமுகம் போன்ற உவர்நீர்களில் மிதக்கும் சிற்றுயிர்களின்மேல் ஒட்டிக்கொண்டு இயற்கையாகவே வாழ்கிறது என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நீரின் சூடும் உப்பும் மாறும்போது அது பெருகுகிறது. பருவத்தையும் இடத்தையும் பற்றிப் பிரைடன் கவனித்தவை அவர் கருதாத ஒரு வழியில் பொருள் பெறுகின்றன. 1992-இன் இறுதியில் சென்னையிலும் பிற தென்னாட்டு ஊர்களிலும் முன்னறியாத ஒரு புதிய வகைப் பேதிக் கிருமி எழுந்து, வங்காளக் கரை முழுதும் பரவியது. அது ஏன் அப்போது எழுந்தது, ஏன் பின்னர்ப் பெரும்பாலும் பின்வாங்கியது என்பவை முடிவாக விளக்கப்படவில்லை. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரையில் ஒரு விடுதியில் பேதி மீண்டும் தலைகாட்டியது. குளத்து நீரில் வாழ்ந்து, மூக்கின் வழியே மூளையை அடையும் அமீபாவின் நோயும் அதே ஆண்டில் அம்மாவட்டத்தில் கண்டது. அதே நீரில் குளிப்போர் பலராயிருக்க ஒருசிலரையே அது ஏன் தாக்குகிறது என்பது பெட்டன்கோஃபர் கேட்ட கேள்வியின் வேறுருவம்.

எலிக்காய்ச்சலைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். எலியின் சிறுநீரில் வெளிப்படும் அதன் கிருமியை ஜப்பானிய அறிஞர் இனாடாவும் இடோவும் 1915-இல் கண்டறிந்தனர். அதற்கு மருந்தும் உண்டு. கேரளத்தில் மழைக்காலந்தோறும் அது திரும்பி வருவதற்குக் காரணம் அறிவின் குறைவன்று. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பையகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவரைத் தேடி அந்தக் கழிவுக்குள் இறங்கியவர்கள் எலிக்காய்ச்சல் அபாயத்துக்குள்ளும் இறங்க நேர்ந்தது. கிருமியைக் கண்டறிந்து நூறாண்டு கடந்த பின்னும் ஒரு மனிதன் அந்நீரில் வெறுங்கையோடு இறங்க வேண்டியிருப்பது எந்தச் சித்தாந்தத்தின் குறையும் அன்று. அத்தோட்டைத் தூய்மையாக வைக்கும் கடமை மாநகராட்சிக்கும் இரயில்வேக்கும் மாநில அரசுக்கும், அதில் குப்பை எறியும் நமக்கும் உரியது.